ஏழு நாள் அட்டவணை

டிப்போவில் அவளை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு விளக்கைக்கூட உடைத்ததில்லை, ஒரு சைக்கிள்காரரைக்கூடத் திட்டியதில்லை. பின்னால் வருகிறவன் ஹாரனை விடாமல் அழுத்தினால், "அவ்வளவு அவசரம்னா பறந்து போகட்டும்" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் போவாள். அப்பேர்ப்பட்டவள், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஷெட்டுத் தூணில் கொண்டுபோய் இடித்தாள். இடித்த சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பார்த்தபோது ஸ்டியரிங்கின்மேல் ஒரு பழுப்பு உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உறைக்குள் இருந்தது அவள் கணவரின் மனு.

கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடிகளை அவரே தேய்த்து, அவரே சட்டத்தில் பொருத்துவார். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. இருவருக்குள்ளும் பேச்சு வற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு வருடம் ஒரே வீட்டில் சீட்டில் எழுதி வைத்துப் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர் கடைக்குப் பக்கத்தில் தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார். விவாகரத்தில் இரண்டு பேருக்கும் தகராறு இல்லை. மகள் விஷயத்தில்தான் இப்போது வந்திருந்தது.

மகளுக்கு எட்டு வயது. பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள், ஆனால் அழுத அழுகையில் ஆஸ்பத்திரியே எழுந்து உட்கார்ந்துவிட்டது. "சின்னதா இருந்தாலும் என்ன காரம் பாரு" என்று அப்பா வைத்த பெயர் மிளகு. வார நாட்களில் அவள் அம்மாவோடு இருந்தாள். சனிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போய், திங்கள் காலை அங்கிருந்தே பள்ளிக்கூடம் போவாள். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு அது. தானாக அமைந்தது.

மனுவில் வேறு மாதிரி எழுதியிருந்தது. குழந்தையின் முழுப் பொறுப்பும் தந்தைக்கே வேண்டும். தாய் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை சந்திக்கலாம். காரணம், தாய் விடியற்காலை ஷிஃப்டுக்காக நாலரை மணிக்கே வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். ஒருநாள் குழந்தை நாற்பது நிமிடம் வீட்டில் தனியாக இருந்திருக்கிறது.

அது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். பொய்யில்லை என்பதால் கோபப்படக்கூட வழியில்லை. விடியற்காலை ஷிஃப்ட் வரும் நாட்களில் மாடி வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து மிளகுக்குத் துணையாகப் படுத்துக்கொள்வாள். அன்றைக்கு அந்தம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அவள் வந்துவிடுவாள் என்று நம்பி நிதானம் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். விழித்துப் பார்த்த மிளகு அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார்.

வக்கீலம்மாவின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே மருந்து வாசனை வரும். நிதானம் நாலு பக்கத்துக்குக் கணவரின் குற்றங்களை எழுதிக் கொண்டுபோயிருந்தாள். வக்கீலம்மா நாலையும் பொறுமையாகப் படித்துவிட்டு, கவிழ்த்து வைத்தாள்.

"இதுல உங்க வீட்டுக்காரர் மேல முப்பத்தோரு குத்தம் இருக்கு. நான் எண்ணிட்டேன். உங்க பொண்ணு பேரு ஒரு எடத்துலகூட இல்லையே."

நிதானம் நாலு பக்கத்தையும் எடுத்து மடித்து வைத்தாள்.

"கஸ்டடின்னா என்னன்னு நெனச்சிட்டிருக்கீங்க?"

"பிள்ளை யாருக்குன்னு தீர்ப்பு சொல்றதுதானே?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வர்றாங்க. பாத்திர பண்டத்தைப் பிரிச்சுக்கற மாதிரி. அது இல்லம்மா. மூணே மூணு கேள்வி. பிள்ளை எந்த வீட்டுல தூங்கி எழுந்திருக்குது. படிப்பு, வைத்தியம்னு வந்தா யாரு முடிவு எடுக்கறது. கூட இல்லாத ஆளு எப்போ, எவ்வளவு நேரம் பாக்கறது. மூணுக்கும் ஒரே ஆளுதான் பதிலா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சு எழுதலாம், சேத்தும் எழுதலாம். நீதிபதி உங்க ரெண்டு பேர்ல யாரு நல்லவங்கன்னு பாக்க மாட்டார். பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாப்பார்."

"அந்த நாப்பது நிமிஷத்தையும் பாப்பார் இல்ல?"

"பாப்பார்."

வக்கீலம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். "போய் ஒரு வாரத்தை எழுதிட்டு வாங்க. உங்க வாரம் இல்ல, பிள்ளையோட வாரம். எத்தனை மணிக்கு எழுந்திருக்கா, யாரு எழுப்பறாங்க, யாரு சோறு போடறாங்க, எல்லாம். அப்புறம் ஒண்ணு, நீதிபதி அவளைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாலும் பேசுவார். இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தீங்கன்னா நான் இந்தக் கேஸைப் பாக்க மாட்டேன்."

அந்தத் தாள் போதாது என்று நிதானத்துக்குப் படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது. மறுநாள் டைம்கீப்பரிடம் போய் நின்றாள். டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், யார் எடுக்க வேண்டும் என்று சார்ட் போடுகிறவர் அவர். மேசை அகலத்துக்குக் கட்டம் போட்ட தாள் அவரிடம்தான் இருக்கும்.

"ஒரு சார்ட் தாள் வேணும் அண்ணே."

"எந்த ரூட்டுக்கு?"

"எம் பொண்ணுக்கு."

தாளோடு ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு நீலப் பென்சிலும் எடுத்துக் கொடுத்தார். "அழிரப்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மிளகு அப்பா வீட்டில் இருந்தபோது, சமையலறை மேசையைத் துடைத்துவிட்டுத் தாளை விரித்தாள். தான் வீட்டில் இல்லாத நேரத்தைச் சிவப்பில் தீட்டினாள். அவர் இருக்க முடியாத நேரத்தை நீலத்தில். சிவப்பு விடியற்காலையில் ஆரம்பித்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இந்த நேரத்தில்தான் குழந்தை அரைத்தூக்கத்தில் புரண்டு, பக்கத்தில் கையால் தடவிப் பார்க்கும். பிறகு அவருடைய பக்கம். கடை காலை பத்துக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடும். பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விட்டுவிடும். மூன்றிலிருந்து எட்டு வரை அவர் பக்கம் ஒரே நீலமாக இருந்தது. மனுவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'தந்தையின் சகோதரி கவனித்துக்கொள்வார்' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார்கள். அந்த நாத்தனாருக்கு முழங்கால் வலி. இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது உண்மைதான். எதிராளி வண்டி பஞ்சராகி நிற்பதைப் பார்த்த சந்தோஷம். ஆனால் எழுத எழுத அது நிலைக்கவில்லை. மிளகின் வாரம் என்று எழுத உட்கார்ந்தால் அவரை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. கணக்குப் பாடம் யார் சொல்லிக்கொடுப்பது? அவர்தான், ஞாயிறு காலை. திங்கள்கிழமைக் கட்டத்தில் இப்படி எழுதினாள்: 'காலை ஏழு மணி. இரட்டைப் பின்னல். அப்பா பின்னினால் சாயங்காலம் வரை அவிழாது. நான் பின்னினால் பத்து மணிக்கே அவிழ்ந்துவிடும்.' எழுதிவிட்டு அழிக்கலாமா என்று ரப்பரை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

வக்கீலம்மா சார்ட்டைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இந்த மூணுலேருந்து எட்டு போதும்மா. மனுவை நார் நாராக் கிழிச்சிடலாம்."

"எம் பக்கத்துச் சிவப்பு?"

"அதை அவங்க சொல்லட்டும். நாமளா ஏன் எடுத்துக் குடுக்கணும்?"

"நானே காட்டறேன்."

"தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"வண்டியில பிரேக் சரியில்லன்னா எழுதிக் குடுத்துட்டுத்தான் எறங்குவோம்மா. மறைச்சு வச்சா அடுத்து எடுக்கற ஆளுதான் மாட்டுவான். இங்க அடுத்து மாட்டப்போறது எம் பொண்ணு."

வக்கீலம்மா சார்ட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரி. காட்டறதா இருந்தா அதை எப்படி அடைக்கப்போறீங்கன்னும் சேத்துக் காட்டணும். ஓட்டையை மட்டும் தூக்கிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது."

அடைக்கும் வழி சார்ட்டிலேயே இருந்தது. டிப்போவில் இரண்டு ஷிஃப்ட். ஒன்று விடியற்காலை ஐந்திலிருந்து ஒரு மணி வரை. இன்னொன்று பொது ஷிஃப்ட், ஒன்பதிலிருந்து ஐந்து வரை. யாருக்கு எது என்று அந்தந்த வாரம் தோன்றியபடி போடுவார்கள். அதை ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று தனக்கு நிலையாக்கிக் கொடுத்தால் போதும். பொது ஷிஃப்ட் வாரத்தில் மிளகு தன்னிடம் தூங்கி எழுந்திருக்கலாம். விடியற்காலை ஷிஃப்ட் வாரத்தில் அப்பா வீட்டில் தூங்கட்டும். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து இவள் அழைத்து வந்து, எட்டு மணி வரை வைத்துக்கொள்ளலாம். அவருடைய நீலத்தையும் அவளுடைய சிவப்பையும் எதிரெதிராக வைத்தால் பொருந்தியது. அதே தாளில் இரண்டாவது வாரத்தையும் போட்டுச் சேர்த்தாள்.

கிளை மேலாளர் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். "உனக்கு மட்டும் தனிச் சட்டமா? நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான்."

இரண்டு நாள் கழித்து அவர் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. 'இவருக்கு வாரம் மாற்றி வாரம் ஷிஃப்ட் கொடுப்பதால் வரும் மாறுதலை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்' என்று எழுதி, பதினோரு ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டைம்கீப்பர்தான் ஒவ்வொரு வண்டியாக ஏறி வாங்கினாராம். அதில் ஒருவர் அவளோடு இரண்டு வருடமாகப் பேசாதவர். மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு கையெழுத்தையும் படித்தார். "எல்லாரும் சேந்துக்கிட்டு என்னைக் கெட்டவனாக்கிடுவீங்க போல" என்று முனகிக்கொண்டே முத்திரை குத்தினார்.

விசாரணை நாளன்று நீதிபதி அவர்களைத் தன் அறைக்கே கூப்பிட்டார். ஒரு நீள மேசை. ஒரு பக்கம் கணவரும் அவருடைய வக்கீலும், மறுபக்கம் இவர்கள். மிளகு வெளியே பெஞ்சில் மாடி வீட்டுத் தையல்காரம்மாவோடு இருந்தாள்.

எதிர்பார்த்ததுபோலவே அவர்கள் வக்கீல் அங்கேதான் ஆரம்பித்தார். "எட்டு வயதுக் குழந்தை, ஐயா. நாற்பது நிமிடம். இருட்டு நேரம். பூட்டிய வீடு."

நீதிபதி நிதானத்தைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"பூட்டலைங்க, சாத்தியிருந்தேன். மத்தது எல்லாம் உண்மைங்க. தொணைக்கு ஆளு வந்தாச்சான்னு பாத்துட்டுத்தான் நான் கெளம்பியிருக்கணும். வந்துடுவாங்கன்னு நெனச்சுப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்."

அந்தப் பக்கத்து வக்கீல் அடுத்துப் பேச வைத்திருந்ததெல்லாம் அவள் மறுப்பாள் என்ற நம்பிக்கையில் தயாரித்தது. கையிலிருந்த தாளை ஒருமுறை புரட்டினார், மறுபடி புரட்டினார். அதற்குள் அவள் சார்ட்டை மேசைமேல் விரித்தாள். தண்ணீர் ஜாடியை நகர்த்த வேண்டியிருந்தது.

"இது என்ன?"

"எம் பொண்ணோட வாரம்ங்க. ரெண்டு வாரம் போட்டிருக்கேன். செவப்பு நான் இல்லாத நேரம். நீலம் அவர் இல்லாத நேரம்."

நீதிபதி எழுந்து வந்து மேசைமேல் குனிந்தார். விரலால் ஒவ்வொரு நாளாகத் தடவிக்கொண்டு போனார். டிப்போ கடிதத்தையும் வாங்கிப் படித்தார். "பள்ளிக்கூட நேரம் போக, கிட்டத்தட்ட எங்கயும் ரெண்டும் ஒண்ணா விழலயே. இங்க ஒரு எடத்துலதான் விழுது. பொது ஷிஃப்ட் வாரம், மூணுலேருந்து அஞ்சு."

"பள்ளிக்கூடத்துலயே அஞ்சரை வரைக்கும் பாத்துக்கறாங்க ஐயா. எழுத்துல வாங்கி வச்சிருக்கேன். புதன்கிழமை மட்டும்தான் சிக்கல். நாலு மணிக்கு 'ர' வகுப்பு. அன்னைக்கு நான் அரை நாள் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன வகுப்பு?" என்று கேட்டது நீதிபதி இல்லை. கணவர்.

"பேச்சுப் பயிற்சி. அவளுக்கு 'ர' வராதே, ரயிலை லயில்னு சொல்லுவாளே. பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்ணினாங்க. அஞ்சு மாசமாப் போறா."

"தானா சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் அவர் மெதுவாக.

அவரும் எழுந்து வந்தார். கடையில் டாக்டர் சீட்டின் சின்ன எழுத்தைப் படிப்பதுபோல மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். திங்கள்கிழமைக் கட்டத்துக்கு வந்ததும் அவர் தலை அசையவில்லை. இரண்டு முறை படித்திருப்பார்.

"என்னைப் பத்தியும் எழுதியிருக்கியே."

"அவளோட வாரம்தானே. நீங்க இல்லாம எப்படி எழுதறது?"

அவர் நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார். "புதன்கிழமை நான் கடையை ரெண்டு மணிக்கே மூடிடறேன் ஐயா. எல்லாப் புதனும். வகுப்புக்கு நானே கூட்டிட்டுப் போறேன்." அவருடைய வக்கீல் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் இழுத்த கையை எடுத்து மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு மேலே பேசினார். "இந்த சார்ட்டு எனக்குச் சம்மதம்."

வக்கீலம்மா நிதானத்தின் முழங்கையை லேசாக இடித்தாள். நீதிபதி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

அதன் பிறகு நீதிபதி மிளகை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கால் மணி நேரம் இருக்கும். பெற்றவர்கள் இருவரும் வெளியே ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு ஞாயித்துக்கிழமைன்னு எழுதினது வக்கீல்" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆனா கையெழுத்துப் போட்டது நான்தான். அன்னைக்குப் போன்ல அவ கொரலைக் கேட்டதுலேருந்து எனக்கு வேற எதுவும் தோணலை."

"எனக்கும் ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்தறப்போ அதே பயம்தான்" என்றாள் அவள். அவர் வீட்டைவிட்டுப் போன எட்டு மாதத்தில் அவர்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மிளகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். என்ன கேட்டார், என்ன சொன்னாய் என்று இருவரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "அந்தத் தாத்தா நல்லவர்தான். ஆனா அவர்கிட்ட ஒரு பென்சில்கூடக் கூரா இல்ல. மூணையும் நான்தான் சீவிக் குடுத்தேன்."

மூன்றாவது நாள் உத்தரவு வந்தது. குழந்தையின் பொறுப்பு இருவருக்கும் சேர்ந்தது. தாயின் பொது ஷிஃப்ட் வாரத்தில் தாய் வீட்டிலும், விடியற்காலை ஷிஃப்ட் வாரத்தில் தந்தை வீட்டிலும் குழந்தை வசிக்கும். அந்த வாரத்தில் பள்ளி விட்டதிலிருந்து எட்டு மணி வரை தாயிடம். புதன்கிழமைப் பயிற்சிக்குத் தந்தை. படிப்பும் வைத்தியமும் இருவர் கையெழுத்தோடு. விடுமுறை சரிபாதி. ஒருவரால் முடியாத நேரத்தில் வெளியாளைத் தேடும் முன் மற்றவரைக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சேர்த்தது நீதிபதி. உத்தரவோடு சார்ட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள். அடியில் கோர்ட் முத்திரை குத்தியிருந்தது.

நிதானம் மருந்துக்கடைப் படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இல்லை. கடைக்காரர் வழிவிடச் சொல்லி வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

டிப்போவில் டைம்கீப்பர் முத்திரையைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். "இருபத்தாறு வருஷமா சார்ட்டு போடறேன். என் சார்ட்டுக்கு ஒருத்தனும் கோர்ட்டுல சீல் வச்சதில்ல" என்றார். அங்கே இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். இரண்டு வருடமாகப் பேசாதவர் வாசலில் நின்றுகொண்டு, "அடுத்த தடவை தூணைப் பாத்து எடு" என்றார். அவர் சமாதானமாகிறார் என்று அதற்கு அர்த்தம். எல்லோருக்கும் டீ சொன்னாள். அவளுக்கு வந்த டீயைக் குடிக்க மறந்து, ஆறவைத்து, ஆறியதையும் சந்தோஷமாகக் குடித்தாள்.

அடுத்த திங்கள் பொது ஷிஃப்ட் வாரம் ஆரம்பித்தது. ஞாயிறு மாலையே மிளகை அவள் அப்பா கொண்டுவந்து விட்டிருந்தார். காலை எட்டேகாலுக்குக் காக்கிச் சட்டையோடு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானம் பள்ளிக்கூட வாசலுக்கு நடந்தாள். முதுகை வளைக்காமல், அவசரப்படாமல், நடைபாதை முழுவதும் தன்னுடையது என்பதுபோல நடந்தாள். எதிரே வந்த ஒரு தாய் ஒதுங்கி வழிவிட்டாள்.

வாசலில் மிளகு கையை உருவிக்கொண்டு நாலடி ஓடினாள். பிறகு திரும்பி வந்தாள்.

"சாயங்காலம் நீதானே வருவ?"

"நான்தான். புதன்கிழமை மட்டும் அப்பா."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் அப்பா வீட்டுல தூங்குவ. காலையில அப்பா கொண்டுவந்து விடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நிப்பேன்."

மிளகு விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை போதாமல் அடுத்த கைக்குப் போனாள். கணக்கு சரியாக வந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது.

"அப்போ எந்த நாளும் யாராவது ஒருத்தர் இருக்கீங்க."

"ஆமா. எந்த நாளும்."

"சரி, மணி அடிச்சாச்சு, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, பையை முதுகில் குதிக்கவிட்டபடி உள்ளே ஓடினாள்.